ரூல்ஸ் புத்தகம் தடியா இருந்தா கற்பனை இல்லைன்னு யார் சொன்னது?

வழக்கமா இங்க சுகர், பிரஷர், காய்ச்சல்னுதான் எழுதுவேன். இன்னைக்கு ஒரு விளையாட்டைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் கோபமாவே எழுதப் போறேன். நீளமான இழை, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

வட இங்கிலாந்துல ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி டியூட்டி இல்லைன்னா நாங்க ஆறு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உக்காந்து ரோல்பிளேயிங் கேம் விளையாடுவோம். டாக்டர்கள், ஒரு நர்ஸ், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஏழெட்டு வருஷப் பழக்கம்.

தெரியாதவங்களுக்கு இது என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். கம்ப்யூட்டர் கிடையாது. ஒருத்தர் கதையை நடத்துவார், அவர் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். "நான் அந்தக் கதவை உடைக்கிறேன்"னு நீங்க சொல்லணும். கதவு உடையுமா உடையாதான்னு பகடை உருட்டிப் பார்ப்பாங்க. அந்தப் பகடையை எப்ப உருட்டணும், எத்தனை வந்தா ஜெயிச்ச கணக்குங்கிறதுதான் ரூல்ஸ். சில கேமுக்கு அந்த ரூல்ஸ் ஒரே பக்கம். சில கேமுக்கு தலையணை சைஸ்ல ரெண்டு மூணு புத்தகம்.

மேட்டருக்கு வருவோம்.

போன மாசம் எங்க மேஜையில ஒரு நண்பர் சொன்னார். அனுபவசாலி, பிரமாதமா கதை சொல்லுவார். "புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி விளையாடுறவங்களுக்கு கற்பனை கம்மி. கற்பனை இருக்கிறவனுக்கு ஒரு பக்கம் போதும்"னார். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கலை. அவரைப் பத்தி பின்னாடி சொல்றேன்.

வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பிச்சது. இது ருசியைப் பத்தின கருத்து இல்லைங்க. "எனக்கு சின்ன ரூல்ஸ் பிடிக்கும்"னு சொன்னா அது ருசி. "பெரிய ரூல்ஸ் பிடிக்கிறவனுக்கு மூளையில ஏதோ குறை"ன்னு சொன்னா அது டயக்னோசிஸ். டயக்னோசிஸ் சொல்லணும்னா முதல்ல பேஷண்டைத் தொட்டுப் பார்க்கணும்ல?

இந்தச் சண்டை புதுசு இல்லை. இந்த கேம்களோட தாத்தா, பிரஷ்ய ராணுவத்தோட போர் விளையாட்டு. 1824-ல ரைஸ்விட்ஸ் என்கிற இளம் அதிகாரி அதுக்கு முழு ரூல்ஸ் எழுதினார். வரைபடம், பகடை, எந்தத் தூரத்துல சுட்டா எத்தனை பேர் விழுவாங்கன்னு அட்டவணை, நடுவர். அதிகாரிகளுக்கு பயிற்சியே அதுலதான். அப்புறம் 1876-ல வெர்டி டு வெர்னுவா என்கிற இன்னொரு அதிகாரி வந்து, "பகடையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்றதே தீர்ப்பு"ன்னார்.

அதாவது எங்க மேஜையில போன மாசம் நடந்த அதே வாக்குவாதம் ஜெர்மன்காரங்களுக்குள்ள நூத்தம்பது வருஷம் முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கு. முடிஞ்சிருக்குன்னு சொல்றதுகூடத் தப்பு.

வெர்டி சொன்னதுல நியாயம் இல்லாம இல்லை. அட்டவணையைத் தேடித் தேடி ஆட்டம் நத்தை வேகத்துல நகர்ந்தது, அதுக்கு அவர் வைத்தியம் சொன்னார். ஆனா அந்த வைத்தியத்துல ஒரு சைடு எஃபெக்ட் இருக்கு. பகடையை எடுத்துட்டா தீர்ப்பு சொல்ற அதிகாரம் முழுசா நடுவர்கிட்ட போயிடும். நடுவர் நல்லவர், அனுபவசாலி, பாரபட்சம் இல்லாதவர்னா சரி. இல்லைன்னா?

1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டாங்க. ஒரு பெட்டிக்குள்ள மூணு சின்னப் புத்தகம். அவ்வளவுதான். எழுபதுகள் முடியறதுக்குள்ள அதோட அட்வான்ஸ்டு பதிப்பு கெட்டி அட்டை போட்ட மூணு தடிப் புத்தகமா வந்துடுச்சு. ஏன் ரூல்ஸ் பெருத்துச்சு? கைகாக்ஸுக்கு எழுதற வியாதின்னு சிலர் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா சின்னப் புத்தகத்துல இருந்த ஓட்டைகளை ஒவ்வொரு மேஜையும் ஒவ்வொரு மாதிரி அடைச்சுச்சுங்கிறதும் ஒரு காரணம்.

நம்ம ஊர் கேரம் போர்டு ஞாபகம் இருக்கா? ரெட் போட்டா ஃபாலோ போடணுமா வேண்டாமா, கடைசி காயோட ரெட்டைப் போட்டா என்ன கணக்குன்னு எத்தனை லீவு நாள் சண்டையில போயிருக்கும். ஒரு தெருவுல ஒரு ரூல், அடுத்த தெருவுல வேற. அந்தச் சண்டையில எப்பவும் ஜெயிச்சது யாரு? போர்டு வச்சிருந்த பையன். இல்லைன்னா சத்தமா பேசற பையன்.

சரி, அப்படின்னா ரூல்ஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதான்னா, அதுவும் கிடையாது. எல்லாச் சிக்கலும் ஒரே வகை இல்லை.

பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல தாக்கோன்னு ஒரு சமாச்சாரம் இருந்தது. எதிரியோட கவச எண் குறையக் குறைய கவசம் பலம்னு அர்த்தம். மைனஸ் 10 வரைக்கும் போகும். உங்க தாக்கோ 17, எதிரியோட கவசம் 4-ன்னா கழிச்சு, 13 போடணும். கவசம் மைனஸ் 2-ன்னா? 17-ல இருந்து மைனஸ் ரெண்டைக் கழிக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு, பன்னெண்டு மணி நேர டியூட்டி பார்த்துட்டு வந்தவன் மைனஸ்ல இருந்து மைனஸைக் கழிச்சிட்டு உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. 2000-ல வந்த மூணாவது பதிப்பு அதைத் திருப்பிப் போட்டுச்சு. கவச எண் கூடினா பலம் கூடும், அந்த எண்ணைத் தொட்டா அடி விழும். அடிப்படைக் கணக்கு அதேதான், தலைவலி மட்டும் போச்சு.

இது வெறும் சுமை. இதை ரசிக்கிறேன்னு யாராவது சொன்னா அது சின்ன வயசு ஞாபகத்தோட ருசி, எனக்கும் கொஞ்சம் உண்டு.

ஆனா இன்னொரு வகைச் சிக்கல் இருக்கு. அதுதான் எனக்குப் பிடிச்சது. 1986-ல வந்த கர்ப்ஸ் என்கிற கேமை எடுத்துக்கோங்க. மூணு சாதாரண பகடை. உங்க திறமை எண்ணுக்குச் சமமாவோ கம்மியாவோ விழுந்தா வெற்றி. திறமை 10-ன்னா சரிபாதி வாய்ப்பு. 12-ன்னா 74 சதவீதம். 14-ன்னா 90-ஐத் தாண்டிடும். 10-ல இருந்து 12-க்கு ஏர்றது பெரிய தாவல். அதுக்கு மேல போகப் போக கிடைக்கிறது குறைஞ்சுட்டே வரும். தொழில் கத்துக்கிட்ட எல்லாருக்கும் இந்த வளைவு தெரியும். நான் முதல் ஐம்பது தடவை லம்பார் பங்க்சர் பண்ணப்ப கத்துக்கிட்டது எவ்வளவு, அடுத்த ஐம்பதுல எவ்வளவு! மூணு பகடைக்குள்ள அது இருக்கு. இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்குக் கிடைச்ச சந்தோஷத்தை "கற்பனைக் குறைபாடு"ன்னு சொன்னா எனக்குக் கோபம் வருமா வராதா?

(ஹிட் பாயின்ட்ஸ் பத்தி ஒரு டாக்டரா என்கிட்ட கேட்காதீங்க. எண்பது பாயின்ட் இருக்கிற வீரன் எழுபத்தொம்பது போனாலும் அதே வேகத்துல வாள் வீசுவான். அது உடம்பு மட்டும் இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் சேர்ந்த கணக்குன்னு கைகாக்ஸே அப்பவே எழுதிட்டார். விட்டுடுவோம்.)

இப்ப அந்தச் சிரிக்காத ஆளு.

எங்க ஆஸ்பத்திரிக்கு ஜூனியரா வந்த தம்பி. என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவார். அவருக்குத் திக்குவாய். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "போடுங்கண்ணா, பேர் மட்டும் வேண்டாம்"னார்.

முதல் தடவை அவரைக் கூட்டிட்டுப் போனது அந்த நண்பரோட ஒரு பக்க கேமுக்கு. ரூல்ஸே கிடையாது, ஜாலியா இருக்கும், புதுசா வர்றவங்களுக்கு ஈசின்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். மூணு மணி நேரத்துல அவர் பேசினது நாலு வாக்கியம். அவருக்குக் கற்பனை இல்லாம இல்லை. அந்த மேஜையில வரிசை கிடையாது. யார் முதல்ல வாயைத் திறக்கிறாங்களோ அவங்க முறை. தம்பி முதல் எழுத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கும்போதே வேற ஒருத்தர் கதவை உடைச்சு, உள்ள போய், ஜோக் அடிச்சு முடிச்சிருப்பார். தம்பி ஏதாவது செய்ய நினைச்சா, "எப்படிப் பண்றீங்க, விவரிங்க பார்ப்போம்"னு கேள்வி. நல்லா விவரிச்சா நடக்கும், இல்லைன்னா நடக்காது. நாக்குதான் அங்க பகடை.

யாரும் கெட்டவங்க இல்லை. யாரும் அவரைக் கேலி பண்ணலை. அதுதான் விஷயமே. எல்லாரும் நல்லவங்களா இருந்தும் ஒருத்தர் காணாமப் போயிட்டார்.

ரெண்டு மாசம் கழிச்சு நான் கர்ப்ஸ் நடத்தினப்ப தயங்கித் தயங்கி வந்தார். படகு இன்ஜின் மெக்கானிக் ஒருத்தனை உருவாக்கினார். திறமை 14. கர்ப்ஸ்ல சண்டை வந்தா ஒவ்வொரு சுற்றும் ஒரே ஒரு நொடி. வரிசைப்படி ஆளாளுக்கு முறை வரும். அவர் முறை வந்தா மேஜையே காத்திருக்கும். ஐயோ பாவம்னு இல்லை, ரூல் அப்படி. "இன்ஜினை ஸ்டார்ட் பண்றேன்"னு ரெண்டே வார்த்தை. பகடை. 9. ஸ்டார்ட் ஆயிடுச்சு. யாரையும் அவர் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை, நடத்தற என்னைக்கூட. நான் முடியாதுன்னு சொல்ல நினைச்சாலும் சொல்ல முடியாது.

அன்னைக்கு ராத்திரி காரை எடுக்கறதுக்கு முன்னாடி அவர் கேட்டார்: "அண்ணா, அந்தப் புக்கு எனக்கு ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா?"

இது எனக்கு வார்டுல நல்லாத் தெரிஞ்ச விஷயம். இங்க எல்லா ஆஸ்பத்திரியிலயும் நியூஸ்-2ன்னு ஒரு ஸ்கோர் இருக்கு. மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, நினைவு, காய்ச்சல். ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் கூட்டணும். 5-ஐத் தொட்டா டாக்டர் அவசரமா வந்து பார்க்கணும். எனக்கே முதல்ல இது பிடிக்கலை. "பேஷண்ட் முகத்தைப் பார்த்தாலே தெரியாதா, இதுக்கெதுக்கு கூட்டல்"னு நினைச்சவன் நான். எனக்குத் தெரியும், சரி. ஆனா வேலைக்குச் சேர்ந்து மூணே வாரம் ஆன நர்ஸ் ராத்திரி மூணு மணிக்கு ஒரு சீனியரை எழுப்பி "எனக்கென்னமோ சரியாப் படலை டாக்டர்"னு சொன்னா என்ன பதில் வரும்? "காலையில பார்க்கலாம்." அதே நர்ஸ் "ஸ்கோர் 7"ன்னு சொன்னா நான் செருப்பைத் தேடணும். அந்த எண் அந்தப் பொண்ணுக்குக் குரல் கொடுக்குது. ரூல்ஸ் வேண்டாம், அனுபவமே போதும்னு சொல்றவர் பெரும்பாலும் அனுபவம் ஏற்கனவே கையில இருக்கிறவராத்தான் இருப்பார்.

அந்த நண்பருக்கு ஒரு பக்கம் போதும்கிறது உண்மைதான். அவர் குரல், அவர் வேகம், அவருக்கு இருக்கிற மரியாதை எல்லாம் எழுதப்படாத மீதிப் பக்கங்கள்.

இதுவரைக்கும் படிச்சுட்டு "அப்படிச் சொல்லுங்க டாக்டர்"னு கைதட்டற தடிப்புத்தக ரசிகர்களே, உக்காருங்க. உங்களுக்கும் இருக்கு.

நம்ம கூட்டத்துலயும் ஒரு திமிர் உண்டு. "ஒரு பக்கத்துல எழுதினது கேமே இல்லை, சின்னப் பிள்ளைங்க கதை சொல்ற மாதிரி"ன்னு பேசுவோம். சார்ட் மாஸ்டர்னு ஊரே கிண்டல் பண்ணின ரோல்மாஸ்டர் கேமோட அட்டவணைகளை மனப்பாடமா ஒப்பிக்கிறதை ஏதோ எஃப்ஆர்சிஎஸ் பாஸ் பண்ணின மாதிரி சொல்லிக்குவோம். அட்டவணை பார்க்கத் தெரியறது திறமைதான், ஒத்துக்கறேன். ரயில்வே டைம்டேபிள் பார்க்கத் தெரியறது மாதிரி.

இதுல முதல் குற்றவாளி நான். என் மனைவி அனஸ்தடிஸ்ட். கல்யாணமான புதுசுல ஆசையா விளையாட வந்தாங்க. நான் என்ன பண்ணினேன்? கர்ப்ஸ்ல கேரக்டர் உருவாக்க உக்கார வச்சேன். பாயின்ட் கணக்கு, நிறைகள், குறைகள், திறமைப் பட்டியல். இதை எடுத்தா அதுல இவ்வளவு மிச்சம்னு மூணு மணி நேரம். கதை ஆரம்பிக்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தா அவங்க சோபாவுல தூங்கிட்டாங்க. எனக்கு வந்த எண்ணம் என்ன தெரியுமா? "இவங்களுக்குப் பொறுமை இல்லை." நாள் பூரா அஞ்சு மானிட்டரை ஒரே நேரத்துல பார்த்து, மயக்கத்துல இருக்கிற உசுரைக் கையில பிடிச்சிட்டு வர்ற பொம்பளையைப் பத்தி நான் நினைச்சது இது. அந்த நண்பர் என்னைப் பத்திச் சொன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பின்னாடி ஒருநாள் சொன்னாங்க: "ஏங்க, நாள் முழுக்க நான் டோஸ் கணக்குப் போட்டுட்டு வர்றேன். ராத்திரியும் உக்காந்து கூட்டல் கழித்தல் பண்ணணுமா?" இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. எனக்கு ராத்திரியில கணக்குதான் ஓய்வு. நாள் பூரா உறுதியா எதையுமே சொல்ல முடியாத வேலை பார்க்கிறவனுக்கு 14-க்கு 90 சதவீதம்னு ஒரு இடம் ஆறுதலா இருக்கு. அவங்களுக்கு அதே விஷயம் ஓவர்டைம்.

அவங்க இப்ப நடத்தறது லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். 2013-ல ஜான் ஹார்ப்பர் எழுதினது. மொத்த கேமும் ஒரே தாள். உங்களுக்கு ஒரே ஒரு எண், 2-ல இருந்து 5-க்குள்ள. அறிவால செய்யற காரியம்னா அதுக்குக் கம்மியா விழணும், மனசால செய்யற காரியம்னா அதிகமா விழணும். ஒண்ணுல கெட்டின்னா இன்னொண்ணுல வீக். ஒரே எண்ணுல ஒரு மனுஷனோட குணத்தையே பிடிச்சிருக்கார். இதை எழுத எனக்கு ஏழு ஜென்மம் வேணும். இதைக் கேமே இல்லைன்னு சொல்ற வாயை நானே தைச்சு விடறேன், இலவசமா.

அபோகலிப்ஸ் வேர்ல்ட்னு 2010-ல ஒண்ணு வந்தது. ரெண்டு பகடை. கூட்டுத்தொகை 10-ம் அதுக்கு மேலயும்னா முழு வெற்றி, 6-ம் அதுக்குக் கீழயும்னா மாட்டிக்கிட்டீங்க, நடுவுல 7-ல இருந்து 9 வரைக்கும் வெற்றி உண்டு, ஆனா ஏதாவது விலை கொடுக்கணும். சின்ன ரூல். ஆனா நடத்தறவர் என்னென்ன செய்யலாம்னும் அந்தப் புத்தகத்துலயே எழுதி வச்சிருக்காங்க. நடுவர் கையையும் கட்டின சின்ன ரூல். தம்பி இதுலயும் நல்லாவே விளையாடறார். அப்ப அன்னைக்கு அவரை விழுங்கினது பக்க எண்ணிக்கை இல்லை. யார் முறை, யார் தீர்ப்புங்கிறதை எழுதாம விட்டதுதான்.

கடைசியா ஒரு கூட்டம் இருக்கு. எனக்கு அதிக எரிச்சல் தர்றது இவங்கதான். "எல்லாம் ருசிதாங்க, இதுக்குப் போய் சண்டை போடலாமா"ன்னு நடுவுல வந்து தண்ணி ஊத்தறவங்க. ருசி ருசின்னு சொல்லி வாயை அடைச்சா எதைப் பத்தியும் பேசவே முடியாது. எனக்குக் காரம் பிடிக்கும்கிறது ருசி. இந்தக் குழம்புல மிளகா ஜாஸ்திங்கிறது ருசி இல்லை, குழம்பைப் பத்தின தகவல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரூல்ஸ்ல சண்டைக்கும் மந்திரத்துக்கும்தான் பெரும்பங்கு, அதனால அந்த மேஜையில ஆட்டம் சண்டை பக்கமே சாயும். 1981-ல வந்த கால் ஆஃப் கதுல்ஹுல புத்தி பேதலிக்கிறதுக்குத் தனியா ஒரு எண் வச்சாங்க, அதனால அந்த மேஜையில எல்லாரும் கதவைத் திறக்கவே பயப்படுவாங்க. இதெல்லாம் பேசலாம், வாதாடலாம், தப்புன்னு நிரூபிக்கலாம். அதுல எது உங்களுக்கு வேணுங்கிறது மட்டும்தான் ருசி.

ஆஸ்பத்திரி உதாரணம் இந்த இடத்துல உடையும், அதையும் சொல்லிடறேன். 2016-ல செப்சிஸுக்கு க்யூசோஃபான்னு மூணே கேள்வியில ஒரு ஸ்கோர் கொண்டுவந்தாங்க. கையில எண்ணிடலாம், அழகு. 2021-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல், அதை மட்டும் தனியா நம்பி நோயாளிகளைச் சலிக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. மருத்துவத்துல எளிமையா சிக்கலாங்கிற கேள்விக்கு ஒரு நீதிபதி இருக்கார்: எத்தனை பேர் பிழைச்சாங்க. மேஜைக்கு அப்படி ஒரு நீதிபதி கிடையாது. அங்க பார்க்க வேண்டியது, அடுத்த வாரம் எத்தனை பேர் திரும்பி வர்றாங்கங்கிறதுதான். வராமப் போனவங்க ஏன் வரலைன்னு நாம யாரும் போன் பண்ணிக் கேட்கிறதே இல்லை. தம்பி விஷயத்துல நானும் ரெண்டு மாசம் கேட்கலை.

இதையெல்லாம் அந்த நண்பர்கிட்ட நேர்ல சொன்னேன். கொஞ்சம் சண்டை ஆச்சு. "நான் அவரைப் பேச விடாம தடுத்தேனா?"ன்னு கேட்டார். தடுக்கலைதான். ரொம்ப நேரம் கழிச்சு, "அன்னைக்கு அவர் நாலு வாக்கியம்தான் பேசினார்னு எனக்குத் தெரியவே தெரியாது"ன்னார். அது பொய் இல்லைன்னு நினைக்கிறேன். ஒரு பக்க கேம்தான் உசத்திங்கிறதுல இருந்து அவர் இன்னும் இறங்கலை. இறங்க வேண்டாம்.

வர்ற வெள்ளிக்கிழமை தம்பி முதல் தடவையா நடத்தறார். எந்த சிஸ்டம்னு என்கிட்ட கேட்கலை, கால் ஆஃப் கதுல்ஹுன்னு அவரே முடிவு பண்ணிட்டார். அந்த நண்பரும் வர்றார். எல்லாருக்கும் கேரக்டர் ஷீட் பிரிண்ட் எடுத்தாச்சாம். என் மனைவிக்கு மட்டும் எண்ணெல்லாம் முன்னாடியே நிரப்பின ஷீட்.

நான் ரோட்டா மாத்தி லீவு வாங்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி சுகர் ரிப்போர்ட் அனுப்பாதீங்க, சனிக்கிழமை பார்க்கறேன்.